நாற்பத்தாறு தையற்காரிகளும் ஒரு குழுவும்

திண்டுக்கல்லிலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். வீட்டிலேயே ஊறுகாயும் பொடி வகைகளும் செய்து விற்பவராம். "எங்கள் பேட்டையில் மட்டும் இதே தொழில் செய்பவர்கள் இருபது பேருக்கு மேல் இருக்கிறோம். ஒருவருக்கொருவர் கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு குழு இருந்தால் சௌகரியமாக இருக்கும். நீங்கள் தையற்காரப் பெண்களுக்காக ஒரு குழு நடத்துவதாக முன்பு ஒரு வரி எழுதியிருந்தீர்கள். எப்படி ஆரம்பித்தீர்கள் என்று விவரமாக எழுதக் கூடாதா?" என்று கேட்கிறார்.

எழுதுகிறேன், சகோதரி. ஆனால் ஆரம்பிப்பது ஒரு விஷயமே இல்லை. செல்போனில் நாலு இடத்தைத் தொட்டால் குழு தயார். அடுப்பில் பால் பொங்குவதற்குள் முடிந்துவிடும். அதற்கப்புறம்தான் சமாச்சாரமே இருக்கிறது. நான் செய்த ஒரு தப்பினால் ஒரு பெண் பட்ட பாட்டையும் இதிலே எழுதப் போகிறேன். அதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்வது நியாயமில்லை.

2021 தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும்போது என் மெஷின் மக்கர் செய்தது. மேசை மேல் பதினேழு ஜாக்கெட். அதிலே நாலு பட்டு. ரிப்பேர்காரர் "நாளைக்கு வரேம்மா" என்று மூன்று நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் அழாத குறை. கடைசியில் காஜா எடுக்கக் கொடுக்கும் இடத்தில் பேச்சுவாக்கில்தான் தெரிந்தது, எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு பெண் புது மெஷின் வாங்கி வைத்துக்கொண்டு, ஆர்டர் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறாள் என்று! கும்பகோணத்தில் இத்தனை வருஷமாகக் குப்பை கொட்டுகிறேன், எனக்குத் தெரியவில்லை. ஏழு ஜாக்கெட்டை அவளிடம் கொடுத்தேன். தீபாவளியும் வந்தது, மானமும் தப்பியது.

யோசித்துப் பாருங்கள். கடை போட்டுத் தைப்பவருக்கு வாசலில் போர்டு இருக்கிறது. ஆபீஸில் வேலை பார்ப்பவருக்குப் பக்கத்து நாற்காலியில் ஒருவர் இருக்கிறார். வீட்டுக்குள் தைக்கிற நம்மைப் பற்றி நம் தொழிலில் இருப்பவருக்கே தெரியாது. 1972ல் அகமதாபாத்தில் இலா பட் அம்மையார் ஏழைத் தொழிலாளிப் பெண்களுக்காக 'சேவா' சங்கத்தைப் பதிவு செய்யப் போனபோது, "முதலாளியே இல்லாதவர்களுக்கு எதற்குச் சங்கம்?" என்று அதிகாரிகள் தயங்கினார்களாம். சண்டை போடுவதற்கு அல்ல, சேர்ந்து நிற்பதற்குத்தான் சங்கம் என்று வாதாடிப் பதிவு செய்தார்கள். நான் அவ்வளவு பெரிய காரியத்துக்குப் போகவில்லை. எனக்கு வேண்டியிருந்தது, மெஷின் நின்றால் யாரைக் கூப்பிடலாம் என்ற தகவல்தான்.

தீபாவளி முடிந்த மறுவாரம் ஏழு பேரைச் சேர்த்து வாட்ஸ்அப்பில் குழு ஆரம்பித்தேன். முதலில் என் பெண் ஈமெயில் குழுதான் நல்லது என்றாள். ஒரே விலாசத்துக்கு எழுதினால் எல்லோருக்கும் போய்ச் சேருமாம், கடிதங்கள் வரிசையாகப் பத்திரமாக இருக்குமாம். வாஸ்தவம்தான். ஆனால் ஏழு பேரில் இரண்டு பேருக்குத்தான் ஈமெயில் திறந்து பார்க்கும் பழக்கம் இருந்தது. மற்றவர்களுக்கு விலாசம் இருக்கிறது, அதன் ரகசியச் சொல் பேரன் கையிலோ பிள்ளை கையிலோ இருக்கிறது. எனவே உங்கள் ஜனங்கள் தினமும் எதைத் தொடுகிறார்களோ அதிலேயே ஆரம்பியுங்கள்.

குழுவுக்கு என்ன பெயர் வைப்பது என்பதிலேயே மூன்று நாள் போயிற்று. அந்தப் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. காரணம் பின்னால் தெரியும்.

ஆரம்பத்தில் ஒரே கொண்டாட்டம். காலையில் ஆறு மணிக்கு ரோஜாப்பூவோடு வணக்கம், இரவு பத்து மணிக்கு நிலாவோடு வணக்கம். நடுவில் வெந்தயம் சாப்பிட்டால் சர்க்கரை போய்விடும், இந்தச் செய்தியைப் பத்துப் பேருக்கு அனுப்பினால் நல்லது நடக்கும் என்றெல்லாம். ஒரு நாள் நிஜமான கேள்வி ஒன்று வந்தது. "அக்கா, புது ஊசி போட்டேன், போட்டதும் ஒடியுது. மூணு ஒடிஞ்சாச்சு" என்று சுவாமிமலைப் பெண் கேட்டிருந்தாள். அந்தக் கேள்வி ரோஜாப்பூக்களுக்கு நடுவில் புதைந்துபோய், சாயங்காலம்தான் யாரோ பார்த்தார்கள். அதற்குள் நாலாவதும் ஒடிந்துவிட்டது.

விஷயம் என்னவென்றால், கடையில் அவளுக்குப் பெரிய மெஷின் ஊசியைக் கொடுத்திருக்கிறார்கள். அதன் தண்டு உருண்டையாக இருக்கும். வீட்டு மெஷின் ஊசிக்குத் தண்டில் ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். பொட்டலத்தில் 'டிபி x 1' என்று போட்டிருந்தால் பெரிய மெஷினுக்கு, 'எச்ஏ x 1' என்று போட்டிருந்தால் வீட்டு மெஷினுக்கு. தாராசுரம் அக்கா ஒரே வரியில் சொல்லிவிட்டார். காலையிலேயே பார்த்திருந்தால் நாலாவது ஊசியாவது மிஞ்சியிருக்கும்.

அன்றைக்கு ராத்திரியே முதல் சட்டம் போட்டேன். தொழில் சம்பந்தமில்லாத எதுவும் குழுவில் கூடாது. பண்டிகை வாழ்த்தானாலும் சரி, சாமி படமானாலும் சரி. இரண்டு பேர் கோபித்துக்கொண்டார்கள். ஒருவர், "சாமி படம்கூடவா வேண்டாங்கிறே, நல்லா இருப்பே!" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். அவரைத் திருப்பி அழைக்க நான் இரண்டு தடவை முயன்றேன். வரவில்லை. இன்றைக்கும் மார்க்கெட்டில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். குழு நடத்துகிறவருக்கு எல்லோரிடமும் நல்ல பெயர் கிடைக்காது, அதற்குத் தயாராக இருங்கள்.

இரண்டாவது வழக்கம் தாராசுரம் அக்காவின் யோசனை. எந்தச் செய்தியானாலும் முதல் வார்த்தை தலைப்பாக இருக்க வேண்டும். மெஷின், ஊசி, துணி, வேலை, அவசரம், இந்த ஐந்தில் ஒன்று. 'வேலை' என்றால் கையில் ஆர்டர் மிஞ்சியிருக்கிறது, யாராவது எடுத்துக்கொள்ளலாம் என்று அர்த்தம். 'அவசரம்' என்று வந்தால் மட்டும் சமையலை விட்டுவிட்டுப் பார்க்கலாம். மற்றதை மத்தியானம் சாவகாசமாகப் பார்த்துக்கொள்ளலாம். பின்னால் தேடும்போதும் இது கைகொடுக்கிறது. மேலே தேடும் இடத்தில் 'ஊசி' என்று அடித்தால் நாலு வருஷத்து ஊசிச் சங்கதி அத்தனையும் வந்து நிற்கும்.

ஒரே ஒரு சிக்கல். எழுத்துக் கூட்டித் தட்டச்சு செய்ய முடியாத அக்காக்கள் குரலில் பேசி அனுப்புவார்கள். அவர்கள்தான் அனுபவஸ்தர்கள். அவர்கள் சொல்வதுதான் தங்கம். ஆனால் குரலாக இருப்பதைத் தேட முடியாது. எனவே யார் வாயால் சொன்னாலும், நல்ல விஷயமாக இருந்தால் அதை நான் ஒரு வரியில் எழுதிக் குழுவில் போடுகிறேன், ஒரு நோட்டிலும் எழுதி வைக்கிறேன். நோட்டு எதற்கு என்று என் வீட்டுக்காரர் கேலி செய்தார். யாஹூ குரூப்ஸ் என்று ஒன்று இருந்ததே, உலகம் முழுக்க எத்தனையோ தொழில்காரர்கள் அதிலே வருஷக்கணக்காக எழுதிக் குவித்திருந்தார்கள். 2020 டிசம்பர் 15ல் அதை அடியோடு மூடிவிட்டார்கள். அப்புறம் யாரைப் போய்க் கேட்பது? என் நோட்டுக்கு அந்தப் பயமில்லை. பேரக் குழந்தை கையில் கிடைக்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.

நோட்டில் இருப்பதில் இரண்டை மட்டும் இங்கே சொல்கிறேன், தைப்பவர்களுக்குப் பிரயோஜனப்படும். ஜார்ஜெட், சிபான் மாதிரித் துணி தைக்கும்போது சுருங்கிக் கூடினால், பதினொன்றாம் நம்பர் ஊசி போட்டு, துணிக்கு அடியில் மெல்லிய வெள்ளைக் காகிதம் வைத்துத் தைத்துவிட்டு, பிறகு காகிதத்தைக் கிழித்து எடுத்துவிடுங்கள். செய்தித்தாள் வைக்காதீர்கள், மை ஒட்டும். இன்னொன்று, தவழுகிற குழந்தை இருக்கும் வீட்டுக்கு. பழைய ஸ்பீக்கரில் இருக்கும் காந்தத்தை ஒரு துணியில் முடிந்து, வேலை முடிந்ததும் தரை முழுக்க ஒரு தடவை தடவி எடுங்கள். கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும் குண்டூசியெல்லாம் ஒட்டிக்கொண்டு வரும். முதல் நாள் எனக்கு ஒன்பது வந்தது. எனக்கு உடம்பெல்லாம் நடுங்கிவிட்டது. குண்டூசியை உதட்டில் கவ்விக்கொண்டு தைக்கும் பழக்கத்தையும் அன்றைக்கே விட்டேன்.

சரி, இனி நான் செய்த தப்பு.

2022 ஆடி மாசம். குழுவில் இருபத்தெட்டுப் பேர் ஆகியிருந்தோம். ஆவணி முகூர்த்தங்கள் வரப் போகின்றன, ஆர்டர் குவியும், இன்னும் பத்துப் பேர் சேர்ந்தால் நல்லது என்று எனக்கு ஆசை. வாட்ஸ்அப்பில் குழுவுக்கு ஒரு இணைப்பு கொடுக்கிறார்கள், கட்டம் கட்டமாகப் படம் மாதிரியும் எடுக்கலாம். அதைப் போனில் பிடித்தால் போதும், யாரையும் கேட்காமல் உள்ளே வந்துவிடலாம். நான் என்ன செய்தேன், அந்தக் கட்டப் படத்தைப் பெரிதாக அச்சடித்து, "வீட்டில் தைக்கும் சகோதரிகளே, வாருங்கள்" என்று எழுதி, நாங்கள் லைனிங் துணி வாங்கும் கடையில் கேட்டு, கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டேன். எனக்கு அவ்வளவு பெருமை அன்றைக்கு.

நாலு நாளில் ஆறு பேர் வந்தார்கள். எல்லாம் பூப்படமும் குழந்தைப் படமுமாக இருந்தது. யார் என்ன என்று நான் ஒருவரையும் கேட்கவில்லை. கேட்டால் வித்தியாசமாக நினைப்பார்களோ என்று கூச்சம்.

ஒரு விஷயத்தை நான் யோசிக்கவே இல்லை. வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் நுழைந்தால், உள்ளே இருக்கிற அத்தனை பேருடைய நம்பரும் அவருக்குத் தெரியும். இருபத்தெட்டுப் பெண்களின் நம்பரை, அவர்கள் என்னை நம்பிக் கொடுத்த நம்பரை, நான் கடைவாசலில் ஒட்டி வைத்திருந்தேன்.

பாபநாசம் பக்கத்தில் எங்கள் குழுப் பெண் ஒருத்தி இருக்கிறாள். இருபத்தைந்து, இருபத்தாறு வயசு. கைக்குழந்தை. புருஷன் துபாயில் வேலை. மாமியாரோடு இருக்கிறாள். ஆரி வேலை அப்படிப் போடுவாள், கண்ணை எடுக்க முடியாது. குழுவில் அவள் முகம் தெரிகிற படம் வைத்திருந்தாள். ஒரு நாள் ராத்திரி பதினொரு மணிக்கு அவளுக்குப் போன். யாரோ ஆண் குரல். வைத்துவிட்டாள். மறுபடி. அப்புறம் செய்தி, படம், எழுதவே கூசுகிறது. மூன்றாம் நாள் போன் அடித்தபோது எடுத்தது மாமியார்.

எனக்கு இது எதுவும் தெரியாது. அந்தப் பெண் குழுவை விட்டு வெளியேறிவிட்டாள் என்று மட்டும் பார்த்தேன். கூப்பிட்டால் போன் நிறுத்தி வைத்திருக்கிறது. ஒரு வாரம் கழித்து அவள் ஒப்புக்கொண்டிருந்த கல்யாண ஜாக்கெட் ஒன்றுக்காகத் தாராசுரம் அக்கா ஆள் அனுப்பிக் கேட்டபோதுதான் சங்கதி வெளியே வந்தது. போனை மாமியார் வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாராம். "தையலும் வேணாம், ஒண்ணும் வேணாம்" என்று சொல்லிவிட்டாராம்.

அக்காவும் நானும் பஸ் ஏறிப் போனோம். வழி முழுக்க நான் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த அம்மாள் திண்ணையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நான் இன்னார் என்று சொன்னதும், "நீங்கதானா அந்தக் குரூப்பு வச்சிருக்கறது? உள்ள வாங்க" என்று சொன்னார். வையவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கேட்டார்:

"ஏம்மா, எம் மகன் வெளிநாட்டுல இருக்கான். இந்தப் புள்ளைய நான்தான பாத்துக்கறேன். ராத்திரி பதினோரு மணிக்கு ஒருத்தன் போன் பண்றான், இவ பேரச் சொல்றான். நான் என்னன்னு நெனக்கிறது? எம் மகனுக்கு என்ன பதில் சொல்றது? இவ நம்பரு அவனுக்கு எப்படிக் கெடச்சுது? நீங்களே சொல்லுங்க."

"நான்தான் கொடுத்தேன், அம்மா" என்றேன். அப்படியேதான் சொன்னேன். கடையில் ஒட்டியதைச் சொன்னேன். உங்கள் மருமகள் பேரில் ஒரு பிசகும் இல்லை, முழுத் தப்பும் என்னுடையது, இதை உங்கள் பிள்ளையிடம் நானே பேசிச் சொல்கிறேன் என்றும் சொன்னேன். அந்தப் பெண் கதவோரம் குழந்தையோடு நின்றுகொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

அந்த அம்மாள் ரொம்ப நேரம் கீரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், "நீங்க வந்து சொன்னதால ஆச்சு. இல்லாட்டி நான் இவளத்தான நெனச்சிருப்பேன்" என்றார்.

போன் உடனே திரும்பக் கிடைக்கவில்லை. இரண்டு மாசம் ஆயிற்று. ஆவணி, புரட்டாசி ஆர்டர் அத்தனையும் அவளுக்குப் போயிற்று. அந்தக் கல்யாண ஜாக்கெட்டை வேறொருத்தி முடித்துக் கொடுத்தாள், அந்தக் கட்சிக்காரர்கள் இப்போது அவளிடமே போகிறார்கள். அதை என்னால் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. இப்போது அந்தப் பெண் குழுவில் இருக்கிறாள். தொழிலுக்குத் தனி நம்பர், படத்துக்குப் பதிலாக ஒரு ஆரி மயில். ராத்திரி எட்டு மணிக்கு மேல் போன் வந்தால் மாமியார்தான் எடுக்கிறார்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் செய்த முதல் வேலை, கடையில் போய் அந்தக் காகிதத்தைக் கிழித்தது. இரண்டாவது, பழைய இணைப்பை ரத்துச் செய்தது. குழுத் தகவல் பக்கத்தில் இணைப்பை மாற்றி அமைக்கும் இடம் இருக்கிறது, அதைத் தொட்டால் பழையது செல்லாமல் போய்விடும். புதிதாக வந்த ஆறு பேரையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். நாலு பேர் நிஜத் தையற்காரிகள், பாவம். ஒருவர் நூல் வியாபாரி. ஆறாவது நம்பர் எடுக்கவே இல்லை. அந்த நம்பரை நீக்கினேன். நீக்கும் முன் வந்த செய்திகளையெல்லாம் படம் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று பிற்பாடுதான் தெரிந்தது. இப்படி யாருக்காவது தொந்தரவு வந்தால் அழித்துவிடாதீர்கள். படம் பிடித்து வைத்துக்கொண்டு, நம்பரைத் தடுத்துவிட்டு, பெண்கள் உதவிக்கான 181க்குப் பேசுங்கள். அதற்கு முதலில் வீட்டில் சொல்லுங்கள், மறைக்காதீர்கள். மறைக்கிற ஒவ்வொரு நாளும் தப்பு நம் பேரில் ஏறிக்கொண்டே போகும்.

2023லிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு வசதி வந்திருக்கிறது. இணைப்பு வழியாக யார் வந்தாலும் குழு நடத்துபவர் சம்மதம் கொடுத்தால்தான் உள்ளே வரலாம் என்று வைத்துக்கொள்ளலாம். அதை வைத்திருக்கிறேன். ஆனாலும் இப்போது இணைப்பை யாருக்கும் தருவதில்லை. புதிதாகச் சேர விரும்புகிறவர் வீட்டுக்கு எங்களில் ஒருவர் நேரில் போகிறோம். மெஷினைப் பார்க்கிறோம், ஒரு டம்ளர் காபி குடிக்கிறோம். "உங்கள் நம்பர் நாற்பத்தைந்து பேருக்குத் தெரியும், சம்மதமா?" என்று வாய்விட்டுக் கேட்கிறோம். சம்மதமில்லை என்று சொன்னவர்களும் உண்டு. அவர்களுக்கு வேண்டியதை நானே போனில் சொல்லிவிடுகிறேன். உங்களைக் கேட்காமல் கண்டவர்கள் உங்களைக் குழுக்களில் சேர்ப்பதைத் தடுக்கவும் வழி உண்டு. 'அமைப்புகள்' போய், 'தனியுரிமை', அதிலே 'குழுக்கள்' என்ற இடத்தில் 'எல்லோரும்' என்று இருப்பதை 'எனது தொடர்புகள்' என்று மாற்றிவிடுங்கள். இந்தப் பத்திரிகையைக் கீழே வைத்ததும் இதைச் செய்துவிடுங்கள்.

நம்பரோடு இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் ஒருத்தி, "இந்த அளவுக்கு எவ்வளவு துணி பிடிக்கும்?" என்று கேட்டு, ஆர்டர் நோட்டின் ஒரு பக்கத்தைப் படம் பிடித்துப் போட்டுவிட்டாள். மேலே கஸ்டமர் பெயர், தெரு, கீழே மார்பளவு, இடுப்பளவு எல்லாம். அந்த அம்மாள் எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த டீச்சர்! நான் பார்த்த நிமிஷமே நீக்கினேன். குழு நடத்துபவர் யார் போட்டதையும் நீக்கலாம், அது 2022ல் வந்த வசதி. ஒரு பெண் நம்மை நம்பித்தான் அளவு கொடுக்கிறாள், டாக்டரிடம் சொல்வது மாதிரி. அளவைக் கேட்கலாம், யாருடையது என்று சொல்லக் கூடாது. அதுபோல "இன்னார் கூலி பாக்கி வைத்திருக்கிறார்" என்று பெயர் போட்டு எழுதவும் கூடாது. அது ஒரு முறை நடந்து, தெருச்சண்டையாகி, நான் இரண்டு நாள் கதவைச் சாத்திக்கொண்டிருந்தேன்.

இதையெல்லாம் பார்த்துவிட்டு என் வீட்டுக்காரர், "யாரோ எதையோ போட்டா, நடத்தறவளத்தான் போலீஸ் பிடிக்கும்" என்று பயமுறுத்தினார். அப்படி இல்லையாம். உறுப்பினர் போட்ட ஒன்றுக்காக, அதிலே பங்கில்லாத குழு நடத்துபவரைக் குற்றவாளியாக்க முடியாது என்று 2021ல் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாகபுரிக் கிளையும், 2022ல் கேரள உயர் நீதிமன்றமும் சொல்லியிருக்கின்றன. அதற்காகப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கலாம் என்று அர்த்தமில்லை. நான் தனியாக நடத்துவதையும் நிறுத்திவிட்டேன். இப்போது மூன்று பேர் பார்த்துக்கொள்கிறோம். தாராசுரம் அக்கா, நான், அந்த முதல் தீபாவளிக்கு ஏழு ஜாக்கெட் தைத்துக் கொடுத்த பெண். ஒருத்தி ஊருக்குப் போனால் மற்றவர் பார்ப்பார். பரீட்சை, பிரசவம், காய்ச்சல் எல்லாம் எந்த வீட்டிலும் வருவதுதானே.

கூலி விஷயத்தில் மட்டும் இன்றைக்கும் எங்களுக்குள் ஒத்து வரவில்லை. எல்லோரும் ஒரே கூலி வாங்க வேண்டும் என்று ஒரு கட்சி. "டவுனில் வாங்குவதை என் கிராமத்தில் கேட்டால் யார் கொடுப்பார்கள்?" என்று இன்னொரு கட்சி. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. வருஷத்துக்கு ஒரு தடவை நேரில் கூடிப் பேசுகிறோம், முடிவில்லாமல் வடை சாப்பிட்டுக் கலைகிறோம். இதைக் குழுவில் எழுத்தில் பேசாமல் இருப்பது உத்தமம். எழுத்தில் சிரிப்பு தெரிவதில்லை, கோபம் மட்டும் இரட்டிப்பாகத் தெரிகிறது.

இத்தனை தொல்லைக்கு என்ன லாபம் என்று கேட்பீர்கள். நமக்கென்று தமிழ்நாடு தையல் தொழிலாளர்கள் நல வாரியம் இருக்கிறது. பதினெட்டு வயசுக்கு மேல் அறுபது வயசுக்குள் பதிந்துகொள்ளலாம். பிள்ளைகள் படிப்புக்கு, கல்யாணத்துக்கு, பிரசவத்துக்கு உதவி உண்டு, கண்ணாடி வாங்கவும் உண்டு, அறுபதுக்கு மேல் ஓய்வூதியமும் உண்டு. எங்களில் பாதிப் பேருக்கு இது தெரியவே தெரியாது. குழுவில் ஒருத்தி விவரம் போட்டாள். பதினோரு பேர் சேர்ந்து போய்ப் பதிந்தோம். தாராசுரம் அக்காவுக்கு அப்போது ஐம்பத்தெட்டு நடந்துகொண்டிருந்தது. இன்னும் இரண்டு வருஷம் கழித்துத் தெரிந்திருந்தால்? முப்பது வருஷமாக மெஷின் மிதிக்கிற மனுஷி.

கடைசியாக ஒரு சின்ன வேலை, யாரும் சொல்லித் தராதது. நாம் விட்டுவிட்ட செல்போன் நம்பரை, கம்பெனிக்காரர்கள் மூன்று மாசத்துக்கு அப்புறம் வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம். குழுவில் பழைய நம்பர் இருந்தால், நாளைக்கு அதன் பின்னால் இருப்பது யாரோ. எனவே ஆறு மாசத்துக்கு ஒரு தடவை நோட்டை வைத்துக்கொண்டு நாற்பத்தாறு பேரையும் வரிசையாகக் கூப்பிடுகிறோம். மூன்று பேரும் பங்கு போட்டுக்கொண்டால் ஆளுக்குப் பதினைந்து போன், இரண்டு மத்தியானம். குரல் கேட்டு, அவர்தான் என்று தெரிந்ததும் ஒரு டிக் போடுவது. போன ஆடியில் பாபநாசம் நம்பரைக் கூப்பிட்டபோது எடுத்தது மாமியார். "அவ குளிச்சிட்டிருக்கா. நான் இருக்கேன், டிக் போட்டுக்கங்க" என்றார். போட்டுக்கொண்டேன்.

அடுத்த கணக்கெடுப்பு தை மாசம்.